காற்று ஏறும் பருவத்தில் அணைத்து வைத்த போன்

அன்புள்ள அம்மாடிக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே நானும் உன் அம்மாவும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம். வழக்கமாக இந்த வரியை எழுதிய கையோடு, நீயும் அப்படியே இருப்பாய் என்று நம்புகிறேன் என்ற அடுத்த வரியும் தானாக வந்து விழும். இந்தத் தடவை விழவில்லை. நீ நலமாக இல்லை என்பது எனக்குத் தெரியும், தெரிய வேண்டிய நேரத்தில் தெரியாமல் போனதற்கு யார் காரணம் என்பதும் தெரியும். காய்ச்சல் விட்டுவிட்டது, இருமல்தான் மிச்சம், நேற்று இரண்டு வாய் கூடுதலாகச் சாப்பிட்டாய் என்று அம்மா சொன்னாள். அதைக் கேட்ட பிறகுதான் உட்கார்ந்து எழுதும் தைரியம் வந்தது. போனில் சொல்லலாமே என்று நினைப்பாய். போனில் பேச ஆரம்பித்தால் நடுவில் எதையாவது சொல்லிச் சிரித்து மழுப்பிவிடுவேன், என் குணம் உனக்குத் தெரியும். போதாததற்கு நீ இப்போது என்னோடு பேசுகிற மனநிலையில் இல்லை, அது நியாயம்தான். காகிதம் என்றால் வேண்டும்போது படிக்கலாம், வேண்டாமென்றால் மடித்து வைத்துவிடலாம், யாரும் உன்னை ஏன் என்று கேட்க முடியாது.

இந்தக் குளிர் நாட்டில் இந்த வருடம் இலை உதிர ஆரம்பித்ததிலிருந்தே எனக்கு உடம்பு ஒரு நிலையில் இல்லை. படுத்தால் தூக்கம் வராது, வந்தால் நிற்காது. தோல் எல்லாம் வெளுத்துச் செதில் செதிலாக உரிந்தது. குதிகால் வெடித்துப் போர்வையில் மாட்டிக்கொண்டு, இழுத்தால் நூல் வந்தது. வயிற்றைப் பற்றி எழுதினால் நீ சிரிப்பாய், அதனால் விவரமாக எழுதவில்லை, பாத்ரூமுக்குள் போன மனுஷன் உயிரோடு இருக்கிறாரா என்று அம்மா கதவைத் தட்டிப் பார்க்கிற அளவுக்கு இருந்தது என்று மட்டும் வைத்துக்கொள். எல்லாவற்றையும்விட மோசம் கை நடுக்கம். டிரைவிங் ஸ்கூலில் கற்றுக்கொள்ள வருகிறவன் நடுங்கலாம், பக்கத்து சீட்டில் உட்கார்ந்து கற்றுக்கொடுக்கிறவன் நடுங்கினால் யார் காரை எடுப்பார்கள். இந்தப் பருவத்தில் சாலையெல்லாம் ஈர இலை, டயர் வழுக்குகிறது, சொல்லிக்கொடுக்கிற ஆளுக்கு நாள் முழுவதும் உயிர் தொண்டைக்குழியில் நிற்கும். வீட்டுக்கு வந்து சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தால்கூட என் கால் கீழே பிரேக்கைத் தேடும். ஒரு நாள் தேடி அம்மாவின் காலை நசுக்கிவிட்டது. அவள் தட்டை அப்படியே வைத்துவிட்டு, "நாளைக்கே வைத்தியர்கிட்ட போறோம், இல்லன்னா நீங்க தனியா உட்கார்ந்து சாப்பிடுங்க" என்றாள். அவள் வேலை பார்க்கும் மூக்குக்கண்ணாடிக் கடைக்கு ஃப்ரேம் மாற்ற வந்த ஒரு பெண் ஆயுர்வேத வைத்தியர் என்று அவளுக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது.

போனோம். ஒரு தையல் கடைக்கு மேல் மாடியில் இரண்டு அறை. கீழே மெஷின் ஓடினால் மேலே மேசையில் இருக்கிற டம்ளர் அதிரும். வைத்தியர் என்றதும் வெள்ளை முடியோடு யாரோ இருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டு போனேன், உன்னைவிடச் சின்னப் பெண். மணிக்கட்டில் மூன்று விரலை வைத்து நாடி பார்த்தாள், நாக்கை நீட்டச் சொன்னாள், நகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு ஜன்னலைக் காட்டி, "வெளியில மரம் எப்படி நிக்குது பாருங்க சார், ஈரம் போய், சலசலன்னு சத்தம் போட்டுக்கிட்டு. உங்களுக்குள்ளயும் அதேதான் நடக்குது. இது காற்று ஏறுற பருவம், வாதம்னு சொல்லுவோம். காய்ஞ்ச காத்து, குளிரு, ஓட்டம், நேரங்கெட்ட சாப்பாடு எல்லாம் சேர்ந்து உங்களைக் காய வச்சிருக்கு. அதுக்கு எதிரா சூடு, எண்ணெய், ஒழுங்கு, அமைதி. இந்த நாலும் போதும்" என்றாள். கையோடு ரத்தப் பரிசோதனைக்கும் போகச் சொன்னாள், போனேன், அதில் ஒன்றும் இல்லை. எனக்கு அந்தப் பெண்ணை ரொம்பப் பிடித்துப் போயிற்று. மனுஷனை மரத்தோடு சேர்த்துப் பேசியதாலோ என்னவோ, என் தவறு எதுவும் இதில் இல்லை, பருவத்தின் தவறுதான் என்று தோன்றிவிட்டது.

கடைசியாக அவள் ஒன்று கேட்டாள். காலையில் எழுந்ததும் மனசைக் கலக்குகிற மாதிரி ஏதாவது நடக்கிறதா, சண்டை, செய்தி, போன், எதுவாக இருந்தாலும் சொல்லுங்கள் என்றாள். அம்மா அந்த நேரம் வெளியே மருந்து வாங்க நின்றுகொண்டிருந்தாள். நான் கொஞ்சம் யோசித்தேன். யோசித்துவிட்டு, ஆபீஸிலிருந்து தினமும் காலையில் போன் வரும், பேசி முடித்தால் நெஞ்சு படபடவென்று இருக்கும், அன்று முழுக்க அது போகாது என்றேன். "அப்ப குளிச்சுச் சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும் போனை அணைச்சு வைங்க சார், ஆபீஸ் எங்கயும் ஓடிப் போயிடாது" என்றாள். ஆபீஸிலிருந்து எனக்குக் காலையில் போன் வந்ததே கிடையாது, அம்மாடி. காலையில் எனக்குப் போன் செய்கிற ஒரே ஆள் நீதான்.

நீ இருக்கிற நாட்டில் சாயங்காலம் ஆகும்போது இங்கே எனக்குக் காலை. பல் செட் செய்கிற அந்த லேப் விட்டதும், வீட்டுக்குப் போகப் பிடிக்காமல் பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்துகொண்டு நீ என்னைக் கூப்பிடுவாய். மாப்பிள்ளை அடிக்கிறவர் இல்லை, குடிக்கிறவர் இல்லை, ஆனால் பேசமாட்டார், நாள் கணக்கில் பேசமாட்டார், கேட்டதற்குப் பதில் சொல்லமாட்டார், நீ வைத்த தட்டை எடுத்துச் சாப்பிட்டுக் கழுவி வைத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொள்வார் என்று சொல்வாய். ஒரு நாள், "அப்பா, நான் அந்த வீட்ல இருக்கேனான்னு எனக்கே சந்தேகமா இருக்கு" என்று சொன்னாய். அம்மாவுக்குச் சொல்ல வேண்டாம், அழுவாள் என்றாய். அதனால் எல்லாம் எனக்கு வந்தது. பார்க்கலாம், கொஞ்சம் பொறுத்துக்கோ, சரியாப் போயிடும் என்று தினமும் அதையே சொன்னேன். சொல்லும்போதே உனக்கு அது பத்தவில்லை என்று எனக்குத் தெரியும். போனை வைத்ததும் நெஞ்சுக்குள் யாரோ கையைவிட்டுப் பிசைகிற மாதிரி இருக்கும். மகள் அழுகிறாள், ஒன்றும் செய்யத் தெரியவில்லை. இது உண்மை. ஆனால் இதற்குள் இன்னொரு உண்மையும் இருந்தது. இன்றைக்கு இவள் கூப்பிடாமல் இருந்தால் நன்றாக இருக்குமே என்று சில காலைகளில் நான் நினைத்திருக்கிறேன். பெற்றவன் எழுதக் கூடாத வரி, எழுதிவிட்டேன்.

அப்படி நினைத்துக்கொண்டிருந்தவனுக்கு வைத்தியர் வாயாலேயே அனுமதி கிடைத்தால் என்ன ஆகும். மறுநாளிலிருந்து போனை அணைத்து, துண்டு அடுக்குகிற அலமாரியில் துண்டுகளுக்கு நடுவில் வைத்தேன். அம்மா ஒரு கிண்ணத்தில் நல்லெண்ணெயை ஊற்றி, சுடுதண்ணீரில் அந்தக் கிண்ணத்தை வைத்துச் சூடாக்கித் தருவாள். உச்சந்தலை, காது மடல், மூட்டு மூட்டாக வட்டம் வட்டமாக, கை கால் நீட்டுவாட்டில், கடைசியில் உள்ளங்கால். ஊற விட்டு வெந்நீரில் குளியல். பிறகு பேசாமல் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து, சூடாக ஏதாவது நெய் விட்டுச் சாப்பிடுவது. அரக்கப் பரக்க நின்றுகொண்டே பிஸ்கட்டைக் கடித்துவிட்டு ஓடுகிறவன் நான், உட்கார்ந்து மென்று சாப்பிட்டேன். மத்தியானம் பச்சைக் காய்கறியும் குளிர்ந்த பாலும் இல்லை, வெந்த காய், சூப், கொஞ்சம் இஞ்சி போட்ட வெந்நீர். வெளியே போனால் காதைச் சுற்றி மஃப்ளர். முதலாளி பார்த்துவிட்டு, "என்ன பிரேக் வாத்தியாரே, மாப்பிள்ளை மாதிரி மினுமினுன்னு வர்றீங்க" என்று கேலி பேசினார். கொஞ்ச நாளிலேயே தோல் உரிவது நின்றது. குதிகால் மூடியது. வயிறு வழிக்கு வந்தது. கை நடுக்கம் நின்றே போனது. படுத்தால் கட்டை மாதிரி தூங்கினேன். எண்ணெயால் வந்த குணமா, உன் குரல் கேட்காததால் வந்த குணமா என்று அன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை, இன்றைக்கும் தெரியவில்லை. அதுதான் என்னை இப்போது அரித்துக்கொண்டிருக்கிறது.

சாப்பிட்டு முடித்துப் போனைத் திறந்தால் நீ கூப்பிட்டது வரிசையாக நிற்கும். அதற்குள் உனக்கு ராத்திரி ஆகியிருக்கும், இப்போது கூப்பிட்டால் தூக்கம் கெடும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொள்வேன். எனக்கும் பாடத்துக்கு நேரமாகியிருக்கும். வேலை அதிகம், அப்புறம் பேசுகிறேன் என்று ஒரு வரி அனுப்புவேன். அப்புறம் அந்த வரியும் நின்றது. ஒரு நாள் நீ, அப்பா ஒரு நிமிஷம் பேசலாமா, என்று எழுதியிருந்தாய். நான் அதற்குக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டுகிற படத்தை அனுப்பினேன். அனுப்பிவிட்டுக் கூப்பிடவில்லை. நீயும் அதற்கு மேல் எதுவும் அனுப்பவில்லை. சாயங்காலம் அம்மா வந்து பாப்பா கூப்பிட்டாளா என்று கேட்டால், கூப்பிட்டா, நல்லா இருக்கா என்று வாய் கூசாமல் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை நீ அவளிடம் பேசும்போது கேமரா ரிப்பேர் என்று முகத்தைக் காட்டாமல் பேசினாய். அடுத்த ஞாயிறு நீ கூப்பிடாதபோது, வேலையாம் என்று நான்தான் அவளைச் சமாளித்தேன். நீ அவளுக்கு மறைக்க, நான் அவளுக்கு மறைக்க, நடுவில் அவள் ஒருத்திதான் எல்லாரும் நன்றாக இருக்கிறோம் என்று நம்பிக்கொண்டு ஊருக்கெல்லாம் கண்ணாடி மாட்டிக்கொண்டிருந்தாள்.

மாப்பிள்ளை எனக்குப் போன் செய்தது ஒரு பாடத்துக்கு நடுவில். என்னிடம் ஒரு நர்ஸம்மா கற்றுக்கொள்கிறார், ஐம்பது தாண்டியவர், ஆபரேஷன் தியேட்டரில் வேலை, ரத்தத்தைப் பார்த்து அசராதவர், ரிவர்ஸ் கியரைப் பார்த்தால் கண்ணை மூடிக்கொள்வார். அன்றைக்கு அவரை ஒரு சரிவான தெருவில் நிறுத்தி, ஏற்றத்தில் எடுக்கச் சொல்லிக்கொண்டிருந்தேன். போன் அடித்தது, மாப்பிள்ளை பெயர். அவர் எனக்குப் போன் செய்வதே அபூர்வம் என்பதால் எடுத்துவிட்டேன். "மாமா, அவளோட பெட்டி ரெண்டு இங்கயே இருக்கு, அங்க அனுப்பி வைக்கவா, இல்ல அவளே வந்து எடுத்துக்குவாளா" என்று கேட்டார். எங்கே அனுப்பி வைக்க என்றேன். "உங்க வீட்டுக்குத்தான். அவ அங்கதானே வந்திருக்கா" என்றார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. கேட்டுக் கேட்டுத்தான் வந்தது. நீ வீட்டைவிட்டுக் கிளம்பிப் பத்து நாள் இருக்கும், அப்பா வீட்டுக்குப் போகிறேன் என்று சொன்னாயா என்றால் இல்லை, அவராகவே அப்படி நினைத்துக்கொண்டார். போன் செய்தீர்களா என்றால் இரண்டு தடவை செய்தாராம், எடுக்கவில்லையாம், சரி கோபம் என்று விட்டுவிட்டாராம். "அப்ப அங்க வரலையா மாமா" என்று அவர் கேட்டபோது அவர் குரலும் மாறிவிட்டது, அதையும் சொல்ல வேண்டும்.

உன் நம்பரை அடித்தேன். அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது என்று ஒரு பெண் குரல் சொன்னது. அந்தக் குரலைத்தானே உனக்கு நான் தினமும் காலையில் கேட்க வைத்திருக்கிறேன் என்று அப்போதுதான் உறைத்தது. நின்றிருந்த நடுக்கம் அப்படியே திரும்பி வந்தது, கை மட்டுமில்லை, தாடையே ஆடியது. நர்ஸம்மா என் முகத்தைப் பார்த்தார். ஒரு கேள்வி கேட்கவில்லை. "சார், நீங்க பெல்ட்டைப் போட்டுக்கிட்டு உட்காருங்க, வீடு எங்கன்னு மட்டும் சொல்லுங்க" என்றார். அந்த ஏற்றத்தில், ஈர இலையில், ஒரு தடவைகூட எஞ்சினை அணையவிடாமல் காரை எடுத்தார். நான் எந்த பிரேக்கையும் தொடவில்லை. வழியெல்லாம் அவர், மூச்சு விடுங்க, வாயால விடுங்க என்று சொல்லிக்கொண்டே வந்தார். என்னை வீட்டில் விடாமல் கண்ணாடிக் கடை வாசலில் கொண்டுபோய் நிறுத்தி, "இதை உங்க வீட்டம்மாகிட்ட நீங்களேதான் சொல்லணும், நான் இங்கயே இருக்கேன்" என்றார்.

கடைக்குள் போனேன். அம்மா ஒரு கிழவருக்குக் கண்ணாடிக் காம்பை வளைத்துக் காதில் மாட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் அதை அவர் கையில் கொடுத்துவிட்டு எழுந்தாள். நான் சொன்னேன், எல்லாவற்றையும் சொன்னேன், நீ காலையில் என்ன பேசுவாய் என்பதையும், நான் போனை எங்கே வைத்தேன் என்பதையும், நல்லா இருக்கா என்று நான் சொன்னதெல்லாம் பொய் என்பதையும். திட்டுவாள் என்று நினைத்தேன். அவள் திட்டவில்லை. என்னைத் தாண்டிப் போய் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து உன் லேப் பெயரைத் தட்டித் தேடி நம்பரை எடுத்தாள். அங்கே லேப் விட்டிருக்க வேண்டிய நேரம், நல்ல வேளையாக மணி அடித்ததும் எடுத்தார்கள். எடுத்தது உன்னோடு வேலை பார்க்கிற அந்தப் பல் வார்க்கிற அக்கா. பாஷை அரைகுறையாகத்தான் ஒத்துப்போயிற்று, ஆனாலும் அம்மா புரிந்துகொண்டாள். நீ வீட்டைவிட்டு வந்து அந்த அக்கா வீட்டில் ஒரு அறையில் தங்கியிருக்கிறாய், வந்த வேகத்தில் காய்ச்சல், அது நெஞ்சுக்குள் இறங்கி நிமோனியா, ஆஸ்பத்திரியில் ஆக்ஸிஜன் வைத்திருந்தார்கள், இப்போதுதான் வீட்டுக்கு வந்திருக்கிறாய், போன் எங்கேயோ பைக்குள் செத்துக் கிடக்கிறது. அம்மா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, எனக்கும் சொல்லிக்கொண்டு, அழாமல் நின்றாள். அம்மா அழுவாள் என்று நாம் இரண்டு பேரும் பயந்து பயந்து மறைத்தோமே, அவள் அழவில்லை. அழுதது நான். அந்தக் கிழவர் ஒரு பக்கக் காதில் கண்ணாடி தொங்க எனக்கு நாற்காலி இழுத்துப் போட்டார்.

அந்த அக்கா வீட்டுக்குப் போய் உன்னிடம் போனைக் கொடுத்ததும் நீ அம்மாவோடு பேசினாய். உன் இருமல் போனைத் தாண்டி எனக்கும் கேட்டது. அம்மா போனை என் பக்கம் நீட்டினாள். நீ என்ன சொன்னாய் என்று எனக்குக் கேட்கவில்லை, அவள் கையை மறுபடி காதுக்கே கொண்டுபோனதைப் பார்த்துப் புரிந்துகொண்டேன். பிறகு வீட்டில்தான் சொன்னாள். "அப்பாகிட்ட அப்புறம் பேசுறேம்மா. அங்கயும் பதில் இல்ல, இங்கயும் பதில் இல்ல, நான் எங்கதான் பேசுறது" என்று நீ கேட்டதாகச் சொன்னாள். சொல்லிவிட்டு அவள் சமையலறைக்குப் போய்விட்டாள். எனக்கு மாப்பிள்ளை மேல் இருந்த கோபமெல்லாம் அந்த ஒரு வாக்கியத்தில் வடிந்துவிட்டது. அவர் செய்ததையேதான் நானும் செய்திருக்கிறேன். அவர் கதவைச் சாத்தினார், நான் அலமாரியைச் சாத்தினேன். அவராவது நல்லவன் மாதிரி கட்டைவிரலைக் காட்டவில்லை.

இரண்டு நாள் கழித்து அந்த வைத்தியரிடம் தனியாகப் போனேன். ஏன் போனேன் என்று தெரியவில்லை, யாராவது என்னை நன்றாகத் திட்டினால் தேவலை போல இருந்தது. ஆபீஸ் போன் என்று சொன்னது பொய், அது என் மகள் என்று சொன்னேன். அந்தப் பெண் எழுதிக்கொண்டிருந்த பேனாவை மூடி வைத்தாள். கீழே தையல் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. பிறகு, "நாடி பிடிச்சா பொய் தெரிஞ்சிடும்னு வெளியில சொல்லிக்குவாங்க. எனக்குத் தெரியல சார். நான் அவ்வளவு பெரிய வைத்தியர் இல்ல" என்றாள். அவள் கண் கலங்கியிருந்தது. ஒரு சின்னப் பெண்ணையும் என் பொய்யில் கூட்டாளி ஆக்கியிருக்கிறேன் என்று இன்னும் அவமானமாகப் போயிற்று. திட்டவில்லை. உன் உடம்பைப் பற்றித்தான் விசாரித்தாள். என்ன வயது, எத்தனை நாள் காய்ச்சல், பசி இருக்கிறதா, அங்கே குளிர் எப்படி என்று கேட்டாள்.

அவள் சொன்னதை எழுதுகிறேன், இது என் புத்திமதி இல்லை, எனக்கு இப்போது புத்தி சொல்கிற யோக்கியதை கிடையாது, அவள் சொன்னது என்பதற்காகக் கேள். முதலில், அங்கே ஆஸ்பத்திரியில் கொடுத்த மாத்திரையைக் கடைசி வரை சாப்பிட்டு முடிக்க வேண்டும், நடுவில் நிறுத்தவே கூடாது, அவர்கள் வரச் சொன்ன நாளில் மறுபடி போய்க் காட்ட வேண்டும். அது முடிகிற வரை எண்ணெய்ப் பக்கமே போகாதே. காய்ச்சல் முழுசாக விட்டு, சளி போய், நாக்கில் ருசி திரும்பி, வயிறு தானாகப் பசி என்று கேட்ட பிறகுதான் எண்ணெய். அதற்கு முன்னால் தேய்த்தால் கெடுதல் என்று இரண்டு தடவை சொன்னாள். இப்போதைக்குச் சூடாக, நீர்க்க, குழைய வெந்த சாப்பாடு. கொஞ்சம் கொஞ்சமாக, ஆனால் நேரத்துக்கு. லேப்பில் மத்தியானம் நீ குளிர்ப் பெட்டியிலிருந்து எடுத்து அப்படியே சாப்பிடுவாயே அந்தச் சாலட், அது இந்தப் பருவம் முடிகிற வரை வேண்டாம். வாயைத் துணியால் கட்டாமல், வெள்ளைத் தூள் பறக்கிற அந்தப் பல் அச்சுகளைத் தேய்க்காதே, இது நான் சொல்வது, வைத்தியர் இல்லை, மன்னித்துக்கொள், வாய் சும்மா இருக்கமாட்டேன் என்கிறது. காதை மூடிக்கொண்டு வெளியே போ. ஈரத் தலையோடு படுக்காதே. வேலைக்கு எப்போது திரும்புவது என்று நீயாக அவசரப்படாதே, உடம்பு சொல்லும். அமைதியாக இருக்கச் சொன்னாள் என்று எழுத வந்தேன், அந்த வார்த்தையை எழுதக் கை வரவில்லை. நீ அமைதியாக இருக்க வேண்டாம் அம்மாடி. யாரிடமாவது பேசு. அந்த அக்காவிடம் பேசு, அம்மாவிடம் பேசு.

இன்னொரு விஷயம். பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்து, இந்த வீட்டைவிட்டு வந்துடட்டுமாப்பா என்று நீ என்னிடம் எத்தனையோ தடவை கேட்ட கேள்விக்கு நான் பதிலே சொல்லவில்லை, பார்க்கலாம் பார்க்கலாம் என்றே நாளைக் கடத்தினேன். இப்போது சொல்கிறேன். நீ அந்த வீட்டைவிட்டு வந்தது சரி. மாப்பிள்ளை கெட்டவர் என்பதற்காக இல்லை, நீ கெட்டுப் போகாமல் இருக்க வேண்டும் என்பதற்காக. நாளைக்கு நீ திரும்பிப் போனாலும் சரி, போகாவிட்டாலும் சரி, அது உன் தீர்மானம், யார் என்ன கேட்டாலும் நான் பதில் சொல்லிக்கொள்கிறேன். மாப்பிள்ளை மறுபடி போன் செய்தார். நீ கிடைத்துவிட்டாய் என்றதும் பெரிதாக மூச்சு விட்டார், பெட்டிகளை அந்த அக்கா வீட்டு வாசலில் வைத்துவிட்டுப் போவதாகச் சொன்னார். நீ விரும்பினால் ஒழிய உள்ளே வரவேண்டாம் என்று சொல்லிவிட்டேன், சரி மாமா என்றார். இவ்வளவு நேராக நான் பேசியதே என் ஆயுசில் இதுதான் முதல் தடவை, இதை அன்றைக்கே பேசியிருந்தால் நீ காய்ச்சலோடு தனியாகப் பை தூக்கியிருக்க மாட்டாய்.

அம்மா அடுத்த வாரம் கிளம்பி உன்னிடம் வருகிறாள். கடையில் லீவு சொல்லிவிட்டாள், விமான டிக்கெட் ஆயிற்று. ஒரு டிக்கெட்தான். நானும் வரட்டுமா என்று கேட்டேன், "அவ கூப்பிட்டா வாங்க" என்றாள். சரிதான். இந்த நாட்களில் அவள் என்னோடு அதிகம் பேசுவதில்லை. ஆனால் காலையில் எண்ணெயை மட்டும் வழக்கம்போலச் சூடு பண்ணிக் குளியலறை வாசலில் வைத்துவிடுகிறாள். முதல் நாள் நான் அதைத் தொடவில்லை. வேண்டாம் என்றேன். "உங்களுக்காக இல்ல, மறுபடி படுத்துக்கிட்டீங்கன்னா நான் எப்படி அவகிட்ட போறது" என்றாள். அதனால் தேய்த்துக்கொள்கிறேன். தேய்க்கும்போதெல்லாம் ஏதோ திருடிச் சாப்பிடுகிறவன் மாதிரி இருக்கிறது. முதலாளியிடம் சொல்லிக் காலை முதல் பாடத்தைத் தள்ளி வைத்திருக்கிறேன். நீ கூப்பிட வேண்டும் என்று இதைச் சொல்லவில்லை, அந்த நேரம் நீ எடுத்துக்கொண்டாலும் விட்டுவிட்டாலும் இனி உன்னுடையது, அவ்வளவுதான்.

இந்தக் கடிதத்தை நான் எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் நேற்று நீ அம்மாவிடம் கேட்ட ஒரு கேள்வி. நான் சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன், அவள் போனை மேசையில் வைத்துச் சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தாள். மாத்திரை, பசி, அந்த அக்கா வீட்டுப் பூனை எல்லாம் பேசி முடித்துவிட்டு, வைக்கப் போகும்போது நீ, "அப்பா இப்பல்லாம் ராத்திரி நல்லாத் தூங்குறாராம்மா?" என்று கேட்டாய். அம்மா கொஞ்சம் தயங்கிவிட்டு, ம், தூங்குறார் என்றாள். நீ நல்லது என்று சொல்லி வைத்துவிட்டாய். நான் குழாயை மூடிவிட்டு அங்கேயே நின்றேன். அந்த நிலைமையிலும் உனக்கு என் தூக்கம் ஞாபகம் இருந்திருக்கிறது. உன் அம்மா தயங்கியதற்குக் காரணம் எனக்குத் தெரியும், உன்னிடமும் இனி எதையும் மறைக்கக் கூடாது என்பதால் நானே சொல்கிறேன். ஆமாம், தூங்குகிறேன். மனசு உடைந்து போய்ப் புரண்டுகொண்டிருக்கிறேன் என்று எழுதினால் உனக்கு ஆறுதலாக இருக்கும், ஆனால் அது பொய். நீ ஆக்ஸிஜன் குழாயோடு மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்த நாட்களில் நான் இங்கே எண்ணெய் தேய்த்துக் குளித்து, சூடாகச் சாப்பிட்டு, காதை மூடிக்கொண்டு ஒரு கனவுகூட இல்லாமல் தூங்கியிருக்கிறேன். இன்றைக்கும் படுத்தால் தூக்கம் வந்துவிடுகிறது. விழிக்கும்போதுதான் எல்லாம் ஞாபகம் வருகிறது.

சீக்கிரம் தேறி, வாய்க்கு ருசியாகச் சாப்பிட்டு, யார் தயவும் இல்லாமல் மாடிப்படி ஏறி, நீண்ட காலம் நிறைவாக இருக்க வேண்டும் என்று உன் தலையில் கை வைத்துச் சொன்னதாக நினைத்துக்கொள். அந்த அக்காவுக்கு நானும் அம்மாவும் கடமைப்பட்டிருக்கிறோம் என்று அவருக்குப் புரிகிற பாஷையில் சொல். அம்மா வரும் நாளில் விமான நிலையத்துக்கு நீ வரக் கூடாது, குளிர் காற்று, அவளே விலாசம் கேட்டு வந்துவிடுவாள். மாத்திரை பாதியில் நிற்கக் கூடாது, மறக்காதே.

பதில் சொல்லத் தவறிய,
உன் அப்பா